திரும்பி வருவாள் என்று யார் எழுதித் தருவது?

ஓர் ஊருக்குப் போக ஆசைப்பட்டால் முதலில் என்ன செய்வோம்? அந்த ஊரைப் பற்றிப் பேசுவோம். என்ன சாப்பாடு கிடைக்கும், எவ்வளவு குளிரும், எங்கே தங்கலாம், எதை விடாமல் பார்க்கணும் என்று போய் வந்தவர்களிடம் கேட்போம். பயணத்தின் பாதி சுகம் அந்தப் பேச்சில்தானே இருக்கிறது? எங்களுக்கு அந்தப் பாதி கிடைக்கவே இல்லை. மாதக்கணக்காக நாங்கள் பேசியதெல்லாம் பேங்க் ஸ்டேட்மென்ட், ஐ.டி.ஆர்., நோட்டரி, ஸ்லாட். இவ்வளவுக்கும் பிறகு, யாருடைய ஆசையில் இந்தப் பயணமே ஆரம்பித்ததோ, நாலு பேரில் அவளுக்கு மட்டும் விசா இல்லை.

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. யாரிடமாவது கொட்டித்தான் ஆகவேண்டும். கேளுங்கள்.

நாங்கள் நாலு பேரும் திருநெல்வேலியில் பி.எஸ்ஸி. இயற்பியல் ஒன்றாகப் படித்தவர்கள். ஐம்பதைத் தாண்டியாயிற்று. ஒருத்தி வங்கியில் இருக்கிறாள். ஒருத்தி வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். நான் அரசு உதவி பெறும் பள்ளியில் டீச்சர். நாலாமவள் கோவில்பட்டிப் பக்கம் ஊறுகாய், வடகம், பொடி வகை போட்டு விற்கிறாள். அவளை நம்பி ஏழெட்டுப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எண்பதைத் தாண்டிய அம்மாவை வைத்துப் பராமரிக்கிறாள். வகுப்பில் எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் படித்தவள் அவள்தான். அப்பா திடீரென்று தவறிப்போனதால் எம்.எஸ்ஸி. சேர முடியவில்லை. ஆனாலும் படிப்பை அவள் விடவில்லை. இன்றைக்கும் எங்கள் குரூப்பில் அறிவியல் செய்தி வந்தால் அது அவள் போட்டதாகத்தான் இருக்கும்.

2024 மே மாதம் சூரியனிலிருந்து பெரிய புயல் ஒன்று பூமியின் காந்தப் புலத்தைத் தாக்கியது நினைவிருக்கிறதா? இருபது வருஷத்தில் அவ்வளவு பலமாக வந்ததில்லை. லடாக்கில் ஹான்லே வானாய்வகத்துக் கேமராக்களில்கூட வானம் சிவந்து பதிவானது. அந்தப் படத்தைப் போட்டுவிட்டு அவள் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "நம்ம ஊருப் பக்கமாத்தான்டி காந்த நடுக்கோடு போகுது. இங்க காந்தக் கோடெல்லாம் தரைக்குப் படுக்கையா ஓடும். துருவத்துக்கிட்ட காந்தக் கோடு செங்குத்தா இறங்கும். படுக்கையா ஓடுற இடத்துல பொறந்துட்டோம், இறங்குற இடத்தையும் ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாமா?"

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆராய்ச்சிக்கூடம் இருப்பதற்குக் காரணமே அந்த நடுக்கோடுதான். அந்தக் கோட்டின் மேலே ஓடும் மின்னோட்டத்தைத்தான் அங்கே ஆராய்கிறார்கள். வடக்கே போனால், காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வரும் துகள்கள் நூறு கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜனில் மோதி வானத்தைப் பச்சையாக்குகின்றன, அதுதான் துருவ ஒளி. சூரியனுக்குப் பதினோரு வருஷத்துக்கு ஒரு முறை உச்சம் வரும், அப்போதுதான் அந்த ஒளி அதிகம். இப்போது விட்டால் அடுத்த உச்சத்தில் எங்களுக்கு அறுபது தாண்டியிருக்கும். முழங்கால் என்ன நிலைமையில் இருக்குமோ, யார் கண்டது? கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

வழியையும் அவளே போட்டாள். நார்வேயில் ட்ரோம்சோ. அங்கிருந்து பஸ்ஸில் நார்விக். நார்விக்கிலிருந்து இரும்புத்தாது ஏற்றிப்போக 1903-ல் திறந்த ரயில் பாதையில் ஸ்வீடனின் அபிஸ்கோ. மலைகள் மேகத்தைத் தடுத்துவிடுவதால் அபிஸ்கோவில் வானம் தெளிவாக இருக்குமாம். கடைசியாக, ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ஃபின்லாந்தின் ரோவனியமி. மூன்று நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் எந்த நாட்டிடம் விண்ணப்பித்தோம் என்று சொல்லப்போவதில்லை. ஷெங்கனில் இருக்கும் 29 நாடுகளுக்கும் ஃபாரமும் ஒன்று, சந்தேகமும் ஒன்று.

முதல் முட்டுக்கட்டை எங்கள் பெயர். பாஸ்போர்ட்டில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தான் உண்டு. பெண்களுக்கு அந்த இனிஷியலும் ஒரே இடத்தில் நிற்பதில்லையே! மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, ரேஷன் கார்டில் வேறொரு ஸ்பெல்லிங். எங்கள் இல்லத்தரசித் தோழி நாலு அட்டையில் நாலு ஆளாக இருக்கிறாள். நாலும் ஒரே பெண்தான் என்று ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி முன்னால் சத்தியம் செய்யணும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தபோது நம் ஊரில் எத்தனை பேர் ஏர்போர்ட்டில் தவித்தார்கள்! தலைமுறை தலைமுறையாக நாம் பெயர் வைத்துக்கொள்ளும் முறை இது. அரசாங்கமே ஏற்றுக்கொண்ட முறை. உலகத்துக்கு அதைப் புரியவைப்பது யார் வேலை? தனித்தனியாக ஒவ்வொருத்தரும் நோட்டரியிடம் போய் நிற்பதுதான் வழியா?

அடுத்தது என்.ஓ.சி. சொந்தச் செலவில், என் விடுப்பில், நான் துருவ ஒளி பார்க்கப் போக என் துறை அனுமதிக்க வேண்டும். சரி, விதி அப்படி. எழுதிக் கொடுத்தேன். கோப்பு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர எவ்வளவு நாள் எடுக்கும்? போய்க் கேட்டால், "எதுக்கு மேடம் அவ்ளோ தூரம், இங்க பாக்காத இடமா?" என்கிறார் ஒருவர். இன்னொருவர், "வீட்ல சார் வரலையா?" என்கிறார். கையெழுத்துப் போட வேண்டிய விஷயத்துக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம்? ஒரு ஆண் ஆசிரியர் நண்பர்களோடு போகிறேன் என்று வந்தால் அவர் மனைவி வரவில்லையா என்று கேட்பார்களா?

இல்லத்தரசித் தோழியின் கதை இன்னும் மோசம். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டின் வரவு செலவு முழுக்க அவள் கையில். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தாள், வீட்டுக் கடனை அடைத்தாள், மாமியாருக்கு ஆபரேஷன் பார்த்தாள். ஆனால் ஐ.டி.ஆர். கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் வீட்டுக்காரர் ஸ்பான்சர் லெட்டர் தரணும். அவருடைய ஸ்டேட்மென்ட், அவருடைய ஐ.டி.ஆர். வேணும். அவர் தங்கமான மனுஷர், கேட்டதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் அந்தக் கடிதத்தை டைப் அடித்தது அவள்தான். 'என் மனைவியின் அனைத்துச் செலவுகளையும் நானே ஏற்கிறேன்.' அவள் நகைச்சீட்டில் பத்து வருஷமாகச் சேர்த்த பணம் அது! சீட்டுக்குக் கணக்கு இல்லை, நகைக்குக் கணக்கு இல்லை. பெண்கள் சேர்த்து வைக்கும் எதற்குமே அந்த ஃபாரத்தில் கட்டம் இல்லை.

பிறகு ஸ்லாட். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்துவிடணும். சட்டம் அவ்வளவுதான் சொல்கிறது. ஆனால் விசா மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தால்தானே? எந்த நேரம் திறந்து பார்த்தாலும் காலண்டரில் ஒரு தேதியும் பச்சையாக இல்லை. வங்கித் தோழி அதிகாலை அலாரம் வைத்து எழுந்து பார்த்திருக்கிறாள். ஏஜென்ட்டிடம் போனால் மட்டும் "எந்தத் தேதி வேணும்?" என்று கேட்கிறார். எப்படி? நமக்கு இல்லாத தேதி அவரிடம் எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கட்டிவிட்டு வாங்கிக்கொள்கிறோம்.

கட்டணம் 90 யூரோ. 2024 ஜூனில் 80-லிருந்து ஏற்றினார்கள். அதற்கு மேல் மையத்தின் சர்வீஸ் சார்ஜ், கூரியர், எஸ்.எம்.எஸ்.க்குத் தனி, உட்கார நல்ல நாற்காலி வேண்டுமென்றால் லாஞ்சுக்குத் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. தங்கும் இடம் ஒவ்வொரு இரவுக்கும் புக் ஆகியிருக்கணும். போக வர விமான ரிசர்வேஷன் காட்டணும். அதே மூச்சில், விசா கைக்கு வரும் முன் டிக்கெட் வாங்கிவிடாதீர்கள் என்று அறிவுரையும் தருகிறார்கள். வாங்காமல் எப்படிக் காட்டுவது? அதனால்தான் ஒரு வியாபாரமே முளைத்திருக்கிறது. டம்மி டிக்கெட். சில நூறு ரூபாய்க்கு, சில நாள் உயிரோடு இருக்கும் ஒரு பி.என்.ஆர். பேங்கில் பணம் குறைவா? அதற்கும் ஆள் இருக்கிறது. ஷோ மணி. லட்சங்களை உங்கள் கணக்கில் போட்டு, ஸ்டேட்மென்ட் எடுத்ததும் வட்டியோடு திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பொய் சொல்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு ஆயிரம் காகிதம் கேட்கிறார்கள். ஆயிரம் காகிதம் கேட்பதால் பொய்க் காகிதம் விற்கும் கடை திறக்கிறது. அந்தக் கடையைப் பார்த்து சந்தேகம் இன்னும் கூடுகிறது. நடுவில் நசுங்குவது யார்? கடைக்குப் போகாத ஆள்.

எங்கள் ஊறுகாய்க்காரி போகவில்லை. அவள் வியாபாரம் பெரும்பாலும் ரொக்கம். கணக்கில் பணம் வரும், அந்த வாரமே மிளகாய்க்கும் எண்ணெய்க்கும் சம்பளத்துக்கும் போகும். ஆனால் ஐ.டி.ஆர். போடுகிறாள், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் வைத்திருக்கிறாள், எல்லாம் நேர். ஏஜென்ட் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேலன்ஸ் நிக்கலையே மேடம். ஒரு அஞ்சு லட்சம் போட்டு வச்சிருவோமா?" என்றார். இவள் எழுந்துவிட்டாள். "எங்கிட்ட இருக்கறத காட்டுறேன். இல்லாதத ஏன் காட்டணும்?" அன்றைக்கு எங்களுக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

விசா மையத்தில் கைரேகை எடுக்கும்போது எங்கள் மூன்று பேருக்கும் உடனே விழுந்தது. அவள் விரலை மெஷின் எடுக்கவில்லை. துடைத்தார்கள், கிரீம் தடவினார்கள், அழுத்தினார்கள். வருஷக்கணக்காக உப்பிலும் புளியிலும் எலுமிச்சையிலும் வேலை பார்த்த கை. ரேகை தேய்ந்து போயிருக்கிறது. ரேஷன் கடையிலும் இதே பாடுதான் என்றாள். பின்னால் நின்ற ஒரு பையன் உச்சுக் கொட்டினான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உழைத்த கையை வைத்துக்கொண்டு ஒருத்தி ஏன் வரிசையில் கூனிக் குறுகி நிற்கவேண்டும்?

கொஞ்ச நாளில் எங்கள் மூன்று பேருக்கும் பாஸ்போர்ட் ஸ்டிக்கரோடு வந்தது. அவளுக்கு ஒரு தாள் மட்டும் வந்தது. எல்லா நாட்டுக்கும் பொதுவான அச்சடித்த தாள். காரணங்கள் வரிசையாக இருக்கும், பொருந்துவதற்கு எதிரே ஒரு டிக். யாருடைய கையெழுத்திலும் ஒரு வரி விளக்கம் இல்லை. அவளுக்கு டிக் விழுந்த காரணம் இதுதான்: விசா முடிவதற்குள் எங்கள் எல்லையை விட்டு நீங்கள் வெளியேறுவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது.

நியாயமான சந்தேகமா?

யார் அவள்? எண்பது வயது அம்மாவுக்கு ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுக்க வேறு ஆள் இல்லாதவள். சனிக்கிழமை சம்பளம் போடாவிட்டால் ஏழெட்டு வீட்டில் அடுப்பு தடுமாறும் என்று தெரிந்தவள். எங்கள் நாலு பேரில் திரும்பி வந்தே ஆகவேண்டியவள் அவள் ஒருத்திதான். நான் வராவிட்டால் பள்ளிக்கூடம் வேறு டீச்சரைப் போட்டுக்கொள்ளும். ஆனால் பாருங்கள், எனக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது, அதனால் நான் வேர் உள்ள ஆள். அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, மாதச் சம்பளம் இல்லை, அதனால் அவள் எங்கேயும் பறந்துவிடுவாள்! தனியாக வாழும் ஒரு பெண்ணைப் பற்றி நம் ஊர்த் திண்ணையில் என்ன பேசுகிறார்களோ, அதையே அங்கே அச்சடித்த தாளில் டிக் அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

அவள் ஒருத்திக்கு மட்டும் நடந்தது என்றால்கூட விதி என்று விட்டிருப்பேன். 2024-ல் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் மேல் ஷெங்கன் விண்ணப்பங்கள் போயிருக்கின்றன. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மறுத்திருக்கிறார்கள். மறுத்தாலும் பணம் திரும்பாது. ஒரு ஆளுக்கு 80, 90 யூரோ என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், கோடி யூரோவைத் தாண்டுகிறது. அதில் எத்தனை பேர் இவளைப் போல இருப்பார்கள்? மகள் பிரசவத்துக்குப் போக நினைத்த அம்மாக்கள் எத்தனை பேர்?

இந்த ஷெங்கன் ஒப்பந்தம் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1985 ஜூன் 14-ல் லக்சம்பர்க்கில் ஷெங்கன் என்ற சின்ன ஊரில், மோசல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில், ஐந்து நாட்டுக்காரர்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். எங்களுக்குள் எல்லையில் யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்கமாட்டோம் என்ற நல்ல எண்ணம். உள்ளே இருப்பவர்களுக்கு அது பெரிய விடுதலை. முதல் உலகப் போருக்கு முன்னால் பாஸ்போர்ட்டே இல்லாமல் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வந்ததாக ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டீஃபான் ஸ்வைக் தன் நினைவுகளில் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு அப்போதும் கதவு திறந்திருந்தது, இப்போதும் திறந்திருக்கிறது. ஒரு நார்வேக்காரருக்கு மாமல்லபுரம் பார்க்க ஆசை வந்தால் என்ன செய்கிறார்? வீட்டில் உட்கார்ந்தபடியே நம் இ-விசாவுக்கு விண்ணப்பிக்கிறார். ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்கிறோமா? மாமனார் வீட்டுப் பட்டா கேட்கிறோமா? கேட்கவேண்டாம், வரட்டும். ஊர் பார்க்க வருகிறவரை அப்படித்தான் நடத்தவேண்டும். நம்மையும் யாராவது அப்படி நடத்தினால் என்ன?

நம் அரசியல் சட்டம் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகுதான் இப்போதுள்ள பாஸ்போர்ட் சட்டம் வந்தது. கிளம்ப உரிமை உண்டு. போய் இறங்க உரிமை இன்னொருவர் கையில்.

சரி, இப்போது என்ன செய்வது? நாங்கள் தங்க இருந்த கேபின் புக்கிங்கை இலவசமாக ரத்து செய்யக் கெடு நெருங்குகிறது. தெர்மல் உடைகள் அலமாரியில் மடித்தபடி கிடக்கின்றன. அவள் போன் செய்து, "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்கடி. பச்ச தெரிஞ்சதும் வீடியோ கால் போடுங்க" என்றாள். தப்பு செய்தவள் பேசுகிற குரலில் அதைச் சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. தாள் வந்த நாளிலிருந்து குரூப்பில் அவள் ஒரு அறிவியல் செய்தியும் போடவில்லை. யாரோ எங்கோ அடித்த ஒரு டிக், ஐம்பது வயதில் தலை நிமிர்ந்து நிற்கும் ஒருத்தியை இப்படிச் சுருட்டிவிடுமா?

வங்கித் தோழி புதிதாக விண்ணப்பிக்கலாம் என்கிறாள், மறுபடி 90 யூரோ கட்டி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. மறுத்தால் காரணம் சொல்லவேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி விடவேண்டும் என்று அவர்களுடைய விசா சட்டமே சொல்கிறது. மறுத்த நாட்டின் சட்டப்படி, அவர்கள் சொல்லும் கெடுவுக்குள் எழுதவேண்டும். எழுதுகிறோம். அவளிடம் வேலை பார்க்கும் பெண்களின் சம்பள ரிஜிஸ்டர், லைசென்ஸ், வரிக் கணக்கு, அம்மாவின் மருத்துவ ஃபைல் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டோம். அம்மாவே ஒரு கடிதம் தருகிறேன் என்கிறார், என் மகள் வந்துவிடுவாள் என்று. இவள் தன் பி.எஸ்ஸி. சர்டிஃபிகேட்டையும் சேர்க்கச் சொல்கிறாள், எதற்காகப் போகிறேன் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்று. எந்தச் செக் லிஸ்ட்டிலும் அது இல்லை. ஆனாலும் வைக்கிறோம்.

அந்த நாட்டு மொழியில் எழுதினால் நல்லது என்கிறார்கள். மொழிபெயர்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். உங்களுக்குத் தெரிந்து யாராவது இருந்தால் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், கெடுவுக்கு அதிக நாள் இல்லை.